ஒரு கிருமி... இருபது சட்டை!

ஒரு கசகசாவை விரல் நுனியில வெச்சுப் பாருங்க. அந்த சைஸ்ல இருக்கிற ஒரு குட்டி உண்ணி, அமெரிக்காவுல வருஷத்துக்கு சுமார் 4,76,000 பேரை டாக்டர்கிட்ட அனுப்புதுன்னா நம்புவீங்களா? 2010-லேர்ந்து 2018 வரைக்குமான சிகிச்சைக் கணக்கை வெச்சு, அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் போட்ட மதிப்பீடு இது. நோயோட பேரு 'லைம்'. எலுமிச்சைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை பாஸ்! கனெக்டிகட் மாநிலத்துல அந்தப் பேர்ல ஒரு ஊர் இருக்கு.

அந்த ஊர்லயும் அக்கம்பக்கத்துலயும் 1970-கள்ல குழந்தைகளுக்கு வரிசையா மூட்டு வீக்கம். பாலி மர்ரேங்கிற ஒரு அம்மா விடாம விவரம் சேகரிச்சு, 1975-ல சுகாதாரத் துறையைத் தட்டி எழுப்பினாங்க. யேல் பல்கலைக்கழகத்துலேர்ந்து ஆலன் ஸ்டீர் வந்து ஆராய்ந்தார். 1981-ல வில்லி பர்க்டார்ஃபர், உண்ணியோட குடலுக்குள்ள ஸ்பிரிங் மாதிரி நெளியுற பாக்டீரியாவைப் பிடிச்சார். அவர் பேரையே சேர்த்து 'பொரேலியா பர்க்டார்ஃபெரி'ன்னு நாமகரணம் பண்ணிட்டாங்க.

வில்லன் சிக்கிட்டான், ஆன்டிபயாடிக் கொடுத்தா கேட்குது. சுபம் போட வேண்டியதுதானேன்னு கேக்குறீங்களா? அங்கேதான் ட்விஸ்ட்!

மருந்து சாப்பிட்டுக் குணமான சிலருக்கு, ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடியும் அதே மாதிரி பரவுற சிவப்புத் தடிப்பு. இது பழைய கிருமி உடம்புக்குள்ளேயே ஒளிஞ்சிருந்து எழுந்து வந்ததா, இல்லை புது உண்ணி கடிச்சதா? சாதாரண சந்தேகம் இல்லை இது. முதலாவது சரின்னா, மருந்து ஃபெயிலியர். இன்னும் மாசக்கணக்குல மருந்து கொடுக்கணும்னு ஆகிடும். ரெண்டாவது சரின்னா, மருந்து பாஸ். ஆனா அந்த மனுஷர் அடுத்த தடவை தோட்டத்துக்குப் போறப்ப உஷாரா இருக்கணும். நோயாளி விழுங்கப்போற மாத்திரையோட எண்ணிக்கையே இந்த விடையிலதான் இருக்கு.

விடை கிடைச்சது கிருமியோட ஜீன்ல. நம்ம காலேஜ் கேட்ல நிக்கிற செக்யூரிட்டி அண்ணனை நினைச்சுக்குங்க. அவர் முகத்தைப் பார்க்க மாட்டார், சட்டையை வெச்சுத்தான் ஆளை அடையாளம் பிடிப்பார். நம்ம நோய் எதிர்ப்பு சக்தியும் கிட்டத்தட்ட அப்படித்தான். இந்தக் கிருமி நம்ம உடம்புக்குள்ள நுழையுறப்ப மேல போட்டுக்கிற சட்டை, 'ஆஸ்ப் சி'ங்கிற புரோட்டீன். அதை எழுதுற ஜீன், கிருமிக்குக் கிருமி ஏகத்துக்கும் மாறுது. அமெரிக்காவுல மட்டும் 20-க்கும் மேல டைப் இருக்கு. ஏ, பி, கேன்னு எழுத்துல பேர் வெச்சிருக்காங்க. சில டைப் தோலோட நின்னுடும். சிலது ரத்தத்துல ஏறி மூட்டு, நரம்பு வரைக்கும் டூர் போகும். ஒரே உண்ணிக்குள்ள ரெண்டு மூணு டைப் சேர்ந்து குடியிருக்கிறதும் உண்டு.

ஏன் இத்தனை வெரைட்டி? காட்டு எலிகள்தான் இந்தக் கிருமியோட முக்கியமான வீடு. ஊர்ல இருக்கிற எலிக்கெல்லாம் ஒரு சட்டை பழகிப்போச்சுன்னா, யாரும் பார்க்காத சட்டைக்காரனுக்குத்தான் யோகம். அவன் பெருகி எல்லாருக்கும் தெரிஞ்சதும், அடுத்த அபூர்வ சட்டை மேல வரும். அதனால எந்த டைப்பும் முழுசா ஜெயிக்கிறதும் இல்லை, ஒழியுறதும் இல்லைங்கிறது விஞ்ஞானிகள் சொல்ற ஒரு விளக்கம்.

இப்ப க்ளைமாக்ஸ். மறுபடி தடிப்பு வந்த 17 பேர்கிட்டேர்ந்து எடுத்த கிருமிகளை ஆய்வாளர்கள் டைப் வாரியா ஒப்பிட்டாங்க. 2012-ல முடிவு வெளியாச்சு. அடுத்தடுத்து வந்த 22 ஜோடி தாக்குதல்ல, ஒண்ணுல கூட முன்னாடி வந்த சட்டையும் பின்னாடி வந்த சட்டையும் ஒத்துப்போகலை! ஒளிஞ்சிருந்த பழைய ஆள்னா அதே சட்டையில இல்ல வரணும்? ஆக, வந்தது புதுக் கடி. மருந்து அதோட வேலையைச் செஞ்சிருக்கு.

ஒரு விஷயம் மட்டும் குழப்பிக்க வேண்டாம். சிகிச்சைக்கு அப்புறமும் மாசக்கணக்கா சோர்வு, வலின்னு தவிக்கிறவங்க இருக்காங்க. அவங்க பிரச்னை நிஜம். இந்த ஆய்வு அதுக்கான பதில் இல்லை.

தடுப்பூசிக்கும் இந்த வெரைட்டிதான் தலைவலி. ஐரோப்பாவுல இதோட சொந்தக்காரங்களே வேற: 'அஃப்சீலி' தோலைக் குறிவைக்கும், 'கரினி' நரம்பை. 1998-ல அமெரிக்காவுல அனுமதி வாங்கின 'லைம்ரிக்ஸ்' தடுப்பூசி, உண்ணி வயித்துக்குள்ள கிருமி போட்டிருக்கிற 'ஆஸ்ப் ஏ'ங்கிற வேற சட்டையில ஒரே ஒரு டைப்பை நம்பி வந்துச்சு. வாங்க ஆள் குறைஞ்சதால 2002-ல கடையைக் கட்டிடுச்சு. 2022-ல மூணாம் கட்டப் பரிசோதனையைத் தொடங்கின வி.எல்.ஏ.15 தடுப்பூசியில அதே சட்டையோட 6 டைப்பைச் சேர்த்திருக்காங்க. அமெரிக்கா, ஐரோப்பா ரெண்டையும் கவர் பண்ணத்தான்!

எம்.எஸ். படிக்க நியூயார்க், கனெக்டிகட் பக்கம் கிளம்புற சீனியர்களே, புல்வெளி, காடுன்னு சுத்திட்டு வந்தா முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் செக் பண்ணுங்க. உண்ணி ஒட்டியிருந்தா சின்ன இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுத்துடுங்க. பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல ஒட்டியிருந்தாதான் கிருமி இறங்கும். தடிப்பு, காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட ஓடுங்க.

'எனக்குத்தான் ஏற்கெனவே வந்துடுச்சே'ன்னு மட்டும் அசால்ட்டா இருந்துடாதீங்க. உங்க உடம்புக்குத் தெரிஞ்சது ஒரு சட்டை. காட்டுல இருக்கிறது ஒரு பீரோ!