கைதும் காசோலையும் போதாது

2025 ஜூனில் ஆந்திரத்தின் குப்பம் மண்டலத்து நாராயணபுரத்தில் ஒரு பெண்ணை மரத்தில் கட்டிவைத்தார்கள். கணவர் வாங்கிய 80,000 ரூபாய்க் கடன் திரும்பி வரவில்லையாம். அழுதுகொண்டிருந்த பிள்ளையின் கண் முன்னே நடந்தது இது. செல்போனில் எடுத்த படம் பரவி, ஊர் பார்த்ததை நாடே பார்த்தது.

அரசு வேகம் காட்டியது. கைது நடந்தது. குப்பத்தின் சட்டமன்ற உறுப்பினருமான முதல்வர் சந்திரபாபு நாயுடு அந்தப் பெண்ணிடம் போனில் பேசி, 5 லட்சம் ரூபாய் உதவி அறிவித்தார். பாராட்ட வேண்டிய வேகம்தான். ஆனால் வழக்கு, கைது, காசோலை என்று போகும் நிவாரண வழக்கத்தில் மனநல சிகிச்சையும் ஒரு கட்டாய வரியாக ஏற வேண்டும். நல்ல அதிகாரி வாய்த்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை என்ற நிலை கூடாது.

கட்டை அவிழ்த்தால் கயிற்றின் தடம் சில நாளில் மறையும். மனத்தில் விழுந்தது அப்படி மறைவதில்லை. கதவு தட்டினால் தூக்கிவாரிப் போடும். சம்பவம் நடந்த தெருவைச் சுற்றிக்கொண்டு போவார்கள். உறக்கத்தில் அதே காட்சி வரும். பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாது. படுக்கையை நனைப்பார்கள், பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்பார்கள். "மிரண்டுட்டா" என்று சொல்லி மந்திரித்துத் தாயத்துக் கட்டுவது நம் வழக்கம். அதைக் கேலி செய்ய நமக்கு மனமில்லை. சொந்தபந்தம் கூட நிற்பதே பாதி மருந்து. பெரும்பாலோர் அதிலேயே சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். ஒரு மாதம் தாண்டியும் தேறாதவர்களுக்குத்தான் சிகிச்சை தேவை. "காலம் ஆற்றும்" என்று அவர்களிடம் சொல்வது கைவிடுவதற்குச் சமம்.

சிகிச்சை என்றால் நாலு புத்திமதி என்ற எண்ணமும் தவறு. பயிற்சி பெற்றவர், வாரத்துக்கு ஒருமுறை, அச்சமூட்டும் நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாக, நோயாளி தாங்கும் அளவுக்கு மட்டும் அணுகுவார். உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இத்தகைய பேச்சு சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது. அதிர்ச்சிக்கு உடனே தூக்க மாத்திரை கொடுக்கும் பழக்கத்துக்கு எதிராக எச்சரிக்கிறது. நடந்ததையெல்லாம் மறுநாளே கொட்டச் சொல்வதும் உதவாது. மைக்கை நீட்டி "அப்போ எப்படி இருந்துச்சு?" என்று கேட்கும் எங்கள் தொழில்காரர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குப்பத்தில் இதற்கு வழியில்லாமல் இல்லை. பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரி ஊரிலேயே இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கு ரயில் உண்டு; ஆனால் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். அந்தச் செலவை நிவாரணத்தோடு சேர்த்து அரசே ஏற்க வேண்டும். அரசு நடத்தும் அல்லது அரசு நிதி தரும் சேவைகளில் மனநல சிகிச்சை பெறுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 18-ஆம் பிரிவில், எல்லோருக்கும் உரிமையாக்கிவிட்டது. சலுகை கேட்கவில்லை நாம்.

மொழியும் முக்கியம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் எல்லை ஊர் இது. அலுவலகத்தில் தெலுங்கில் சமாளிப்பவருக்கும் அழுகை வீட்டு மொழியில்தான் வரும். தமிழ் தெரிந்த ஆலோசகர் இல்லாத சிகிச்சை இங்கே அரைகுறைதான்.

இந்தப் பகுதியின் கௌண்டின்யா சரணாலயத்து யானைகள் வயலில் இறங்கும் ஊர்களுக்கும் இந்தச் சிகிச்சை தேவை. தகப்பனை யானை மிதித்ததைப் பார்த்த மகன் அதே வயலுக்கு இரவுக் காவல் போக வேண்டியிருக்கிறது. இழப்பீட்டுக் கோப்பு முடியலாம், அவன் பயம் முடியாது.

முதல்வர் ஓர் அரசாணை போடட்டும். வன்முறையிலோ விபத்திலோ சிக்கிய குடும்பத்தை ஒரு மாதத்துக்குள்ளும், ஆறு மாதம் கழித்தும், ஆரம்ப சுகாதார நிலையத்துப் பணியாளர் வீடு தேடிப் போய் விசாரிக்கட்டும். தேறாதவரை மருத்துவரிடம் சேர்ப்பது அவர் பொறுப்பாகட்டும். தன் தொகுதியிலேயே இதை அவர் தொடங்கலாம். அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.