வெட்டுப்புள்ளியை எப்ப சொல்றது?

ஆகஸ்ட் வந்தால் எங்கட ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி தவறாமல் சுற்றும். "ரிசல்ட் இண்டைக்கே வந்திட்டுதாம், யாரோ மாறிப் போட்டிட்டாங்களாம்." பெரும்பாலும் அது வெறும் கதை. ஆனால் ஒருமுறை உண்மையாகவே நடந்திருக்கிறது. 2011 ஆகஸ்டில் ஸ்கொட்லாந்தில், பெறுபேற்றைக் குறுஞ்செய்தியில் பெறுவதற்குப் பதிந்திருந்த ஏறத்தாழ 30,000 மாணவருக்கு ஒரு நாள் முன்னதாகவே செய்தி போய்விட்டது. செய்தி அனுப்பும் வேலையை ஏற்றிருந்த நிறுவனத்தின் தவறு. பரீட்சைச் சபை மன்னிப்புக் கேட்டது, விசாரணை வந்தது, பத்திரிகைகளில் தலைப்பு வந்தது.

நான் சொஃப்ட்வேரில் வேலை செய்கிறவன். இந்த வகைப் பிழையில் எனக்குப் பெரிய கோபம் வருவதில்லை. புதன்கிழமை வந்த 'ஏ' வியாழக்கிழமையும் 'ஏ'தான். இங்கிலாந்தில் பள்ளிகளுக்கே முதல்நாள் பெறுபேறு போய்ச் சேர்ந்துவிடுகிறது. பிள்ளை வீட்டில் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிற நேரம், தலைமை ஆசிரியருக்கு விஷயம் தெரியும். வாயைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் ஆபத்தான அவசரம் வேறு ஒன்று. வெட்டுப்புள்ளி முடிவாகாமலே அதை வெளியில் விடுவது. அதற்கு லண்டனில் நடந்த வழக்கே இருக்கிறது.

முதலில், இங்கே வெட்டுப்புள்ளி எப்படிப் போடுகிறார்கள் என்று சொல்லவேண்டும். ஊரில் 75 எடுத்தால் 'ஏ' என்று பழகின எங்களுக்கு இது விளங்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். இங்கே தாள்கள் திருத்தி முடிந்த பிறகுதான் 'சி'க்கு இத்தனை, 'பி'க்கு இத்தனை என்று கோடு கீறுவார்கள். அந்த வருடத் தாள் கஷ்டமென்றால் கோடு இறங்கும், லேசென்றால் ஏறும். மூத்த பரீட்சகர்கள் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் விடைத்தாள்களைப் பார்ப்பார்கள். கூடவே, அந்த வருடப் பிள்ளைகள் முன்னைய பரீட்சைகளில் எப்படிச் செய்தார்கள் என்ற புள்ளிவிபரத்தையும் வைத்துக்கொள்வார்கள். இதில் தவறில்லை என்றுதான் நினைக்கிறேன். கஷ்டமான தாள் கிடைத்த வருடத்துப் பிள்ளை ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

2012இல் பிரச்சினை வந்தது இங்கேதான். ஜி.சி.எஸ்.இ. ஆங்கிலத்தை அப்போது துண்டு துண்டாக எழுதலாம், ஜனவரியில் கொஞ்சம், ஜூனில் கொஞ்சம். ஏ.க்யூ.ஏ. என்ற பரீட்சைச் சபையின் அடிப்படைத் தாளில், ஜனவரியில் 'சி'க்கு 80க்கு 43 புள்ளி போதும் என்று கோடு வந்தது. ஆசிரியர்கள் அதை நம்பி, "நீ கோட்டைத் தாண்டிவிடுவாய்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி ஜூனுக்குத் தயார்ப்படுத்தினார்கள். ஜூன் தாளுக்கான கோடு 53. பத்துப் புள்ளி கூட!

'சி' இல்லாமல் 'டி' என்றால் அன்றைக்கு என்ன அர்த்தம் என்று லண்டனில் பிள்ளை வளர்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சிக்ஸ்த் ஃபோர்ம் கதவு அரைவாசி மூடின மாதிரி. கணக்கிலும் விஞ்ஞானத்திலும் வெளுத்து வாங்கிவிட்டு, பிந்தி வந்து பழகின ஆங்கிலத்தில் எல்லைக்கோட்டில் நின்ற எங்கட பிள்ளைகள் எத்தனை பேர்!

லூயிஷம் கவுன்சில் முன்நிற்க, வேறு கவுன்சில்களும் பள்ளிகளும் மாணவர்களும் சேர்ந்து உயர் நீதிமன்றம் போனார்கள். கண்காணிப்பு அமைப்பான ஆஃப்குவாலின் வாதம், ஜூன் கோடு சரி, ஜனவரிக் கோடுதான் தாராளம் என்பது. 2013 பெப்ரவரியில் வழக்குத் தள்ளுபடியானது. நீதிபதிகள் குறையைப் பரீட்சையின் அமைப்பிலேயே கண்டார்கள். சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் ஜனவரியில் போதிய தரவு இல்லாமல் போட்ட கோட்டை ஊருக்கெல்லாம் அறிவித்தது யார்? வேல்ஸில் அமைச்சர் மறுதரம் போடச் சொன்னார், அங்கே 2,000க்கு மேற்பட்ட பிள்ளைகளின் தரம் உயர்ந்தது. அதே தாளை எழுதி இங்கிலாந்தில் இருந்த பிள்ளைக்கு நவம்பரில் திரும்ப எழுதலாம் என்ற ஆறுதல் மட்டும்.

2020இல் இன்னொரு பக்கம் தெரிந்தது. கொரோனாவால் பரீட்சையே இல்லை. ஆசிரியர்கள் ஆளுக்கொரு தரம் கணித்து, வகுப்பில் முதலாம் ஆள், இரண்டாம் ஆள் என்று வரிசையும் போட்டுக் கொடுத்தார்கள். ஆஃப்குவாலின் அல்கோரிதம், அந்தப் பள்ளி முந்தின வருடங்களில் எடுத்த பெறுபேற்றை எடுத்து, அதே அச்சில் இந்த வருடப் பிள்ளைகளை ஊற்றியது. ஆகஸ்ட் 13 அன்று ஏ.லெவல் வந்தபோது ஆசிரியர் கொடுத்த தரங்களில் ஏறத்தாழ 40 சதவீதம் இறங்கியிருந்தன. ஒரு பாடத்தில் ஐந்து பேருக்கு மேல் இல்லையென்றால் ஆசிரியர் தரம் அப்படியே நின்றது. அப்படிச் சின்ன வகுப்புகள் யாரிடம் கூட? தனியார் பள்ளிகளிடம். நான்கு நாளில், 17ஆம் திகதி, அரசு பின்வாங்கியது.

பிரதமர் ஜோன்சன் பிறகு அதை மியூட்டன்ட் அல்கோரிதம் என்றார். தொழில் முறையில் எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த நிரலுக்கு எந்த விகாரமும் இல்லை. பள்ளியின் பழைய சராசரி மாறக் கூடாது என்று கேட்டார்கள், அது மாறாமல் பார்த்துக்கொண்டது. கேட்டவர்களைத்தான் கேள்வி கேட்கவேண்டும்.

அந்தக் கிழமை செய்தியில் திரும்பத் திரும்ப வந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கினால் 'தரப்படுத்தல்'. எங்கட பெரியாக்களுக்கு அந்தச் சொல் காதில் விழுந்தாலே போதும். 1971இல் இலங்கையில் மருத்துவ பீடத்துக்கு 400க்கு தமிழ் மாணவருக்கு 250 புள்ளி, சிங்கள மாணவருக்கு 229. பேராதனைப் பொறியியலுக்கு 250, 227. அந்த இருபத்தொரு புள்ளி எத்தனை பேரை லண்டனுக்கு விமானம் ஏற்றியது என்று இங்கே கோயில் அன்னதானத்தில் இருந்தால் கேட்கலாம். இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அது இனத்தைப் பார்த்துப் போட்ட கோடு, இது பள்ளிக்கூடத்தைப் பார்த்து. ஆனால் பிள்ளை தன் கையால் எழுதினதைவிட அவன் எந்தக் கூட்டத்தில் நிற்கிறான் என்பது முக்கியமானால், அந்த வலி எங்களுக்குத் தெரிந்த வலிதான். பிறகு 2011 உயர்தரத்திலும், பழைய, புதிய பாடத்திட்டத்தாரை ஒன்றாகப் போட்டு இசட் புள்ளி கணித்து, 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் திரும்பக் கணிக்கச் சொன்னது. அதுவும் வெளியிட்ட பிறகு திருத்தின கோடு.

"பரீட்சை லேசாப் போச்சு, எல்லாருக்கும் ஏ குடுக்கிறாங்கள்" என்று முணுமுணுக்கிற மாமாமாருக்கு ஒரு வார்த்தை. ஏ.லெவலில் 'ஏ'யும் அதற்கு மேலும் 2019இல் 25.4 சதவீதம், 2021இல் 44.8, 2023இல் திரும்ப 27.2. 2023 பிள்ளைகள் 2021 பிள்ளைகளைவிட மொக்கு இல்லை, கோடு திரும்பி வந்தது. அந்த இறக்கத்துக்கு 2020 போல வீதிப் போராட்டம் வரவில்லை. இரண்டு படியாகப் பழைய நிலைக்கு வருவோம் என்று 2021 செப்டெம்பரிலேயே சொல்லிவிட்டார்கள்.

இந்த வருடம் வீட்டில் பரீட்சை எழுதின பிள்ளை இருந்தால் ஒரு விஷயம். பெறுபேற்று நாளில் ஒவ்வொரு பரீட்சைச் சபையும் வெட்டுப்புள்ளிகளைத் தன் தளத்தில் போடும். பிள்ளையின் புள்ளி கோட்டுக்கு ஒன்றிரண்டு கீழே நிற்கிறதா என்று அதில் பாருங்கள். அப்படியென்றால் பள்ளியூடாக விடைத்தாளின் பிரதியை எடுத்து, பாட ஆசிரியரிடம் காட்டிவிட்டு, மறுபரிசீலனைக்குப் போடலாம். திருத்தினதில் பிழை இருந்தால்தான் மாறும். தரம் இறங்கவும் கூடும், அதனால் பிள்ளையின் சம்மதம் கேட்பார்கள். தரம் மாறினால் கட்டின காசு திரும்ப வரும். கோட்டை எதிர்த்து மட்டும் அந்தப் படிவத்தில் எழுத இடமில்லை. கடைசித் திகதி செப்டெம்பரில் வரும், ஆனால் பள்ளி தன் திகதியை அதற்கு முன்னாலேயே வைத்திருக்கும், அதை முதல் கேட்டு வையுங்கள்.