திருத்தணி வடமேற்கிலா இருக்கிறது?

எங்க ஊர் எங்கே இருக்கு என்று வெளியூர்க்காரர் கேட்டால், இங்கே பலரும் சொல்லும் பதில் "சென்னைக்கு வடமேற்கே, எண்பது கிலோமீட்டர் சொச்சம்." கேட்டவரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். எனக்கு அந்த 'வடமேற்கு' மேல் ஒரு வழக்கு உண்டு. (பி.காம். படிக்கிறவனுக்கு சைன், காஸ் எதற்கு என்று கேட்பவர்கள் இப்போதே கிளம்பலாம்!)

வடமேற்கு என்றால் வடக்குக்கும் மேற்குக்கும் சரிபாதி, 45 டிகிரி. சென்ட்ரலில் இருந்து திருத்தணி நேர்கோட்டில் சுமார் 73 கி.மீ. சைன் 45, காஸ் 45 இரண்டுமே 0.707. பெருக்கிப் பாருங்கள்: வடக்கே 52, மேற்கே 52. அப்படிப் போனால் முருகனைப் பார்க்க முடியாது சாமி, ஆந்திராவில் நாகலாபுரம் பக்கத்து மலைக்காட்டில்தான் நிற்பீர்கள்.

உண்மையான திசை, மேற்கிலிருந்து வடக்குப் பக்கம் வெறும் 8 டிகிரி. காஸ் 8 என்பது 0.99, சைன் 8 என்பது 0.14. ஆக மேற்கே 72, வடக்கே 10. கிட்டத்தட்ட நேர் மேற்கு!

நம்பிக்கை வரவில்லையா? திருப்பதி ரயிலில் ஏறுங்கள். சென்ட்ரலும் அரக்கோணமும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருப்பவை. 69 கி.மீ. மேற்கே ஓடிவிட்டு, அரக்கோணத்தில்தான் வண்டி வடக்குப் பக்கம் திரும்புகிறது. அங்கிருந்து 13 கி.மீ.தான் நம்ம ஸ்டேஷன். அந்தக் கடைசித் துண்டிலும் கொஞ்சம் மேற்கு கலந்திருக்கிறது, இருந்தாலும் பாடப்புத்தகத்தில் வரும் செங்கோண முக்கோணத்தை ரயில்வேக்காரன் தண்டவாளத்திலேயே போட்டு வைத்திருக்கிறான்.

இன்னொன்று. 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது அந்தப் பக்கம் போன திருத்தணி, ம.பொ.சி. போன்றவர்கள் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1-ல் நம்மோடு சேர்ந்தது. அதனால் 'வடக்கு' என்ற சொல் எங்கள் ஊரோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் சென்னையோடு ஒப்பிட்டால் அந்த வடக்கு 10 கி.மீ.தான். பொன்னேரியும் கும்மிடிப்பூண்டியும் எங்களை விட வடக்கே இருக்கின்றன. போராட்டத்தின் மதிப்பு இதனால் ஒரு மாற்றுக் குறையாது, அது வேறு கணக்கு.

சரி, வழக்குக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் படித்தோம். கலங்கரை விளக்கம், கப்பல், ஏற்றக்கோணம், இறக்கக்கோணம். கடலே இல்லாத ஊரில் எத்தனை கப்பல்! பிறகு வணிகக் கணிதம் எடுக்காதவர்கள் சைனையும் காஸையும் அதோடு தலைமுழுகி விடுகிறோம். நாளைக்கு வங்கித் தேர்வில் "ராமு வடக்கே 5 கி.மீ. நடந்து வலப்பக்கம் திரும்பினான்" என்று வந்தால் பிதாகரஸை வைத்துச் சமாளிக்கலாம். ராமு 30 டிகிரி சாய்ந்து நடந்தால் பேனாவை மூடி வைத்துவிடுவோம்.

காரணம், "கிழக்கு மேற்குக்கு காஸ், வடக்கு தெற்குக்கு சைன்" என்று உருப்போட்டதுதான். அது எப்போதும் செல்லாது. கோணத்தை எந்தத் திசையிலிருந்து அளக்கிறோமோ அந்தத் திசைக்குத்தான் காஸ், மற்றதற்கு சைன். இந்த ஒரு வரியை எங்கள் ஊரை வைத்தே சொல்லிக் கொடுக்கலாமே?

திருத்தணியிலிருந்து திருப்பதி நேர்கோட்டில் சுமார் 54 கி.மீ., வடக்கிலிருந்து மேற்குப் பக்கம் 23 டிகிரி. இங்கே கோணம் வடக்கிலிருந்து தொடங்குகிறது, அதனால் வடக்குக்கு காஸ்: 54 × 0.92, அதாவது 50. மேற்குக்கு சைன்: 54 × 0.39, அதாவது 21. உருப்போட்டபடி மாற்றிப் போட்டீர்களோ, ஏழுமலையானுக்குப் பதில் சித்தூர்ப் பக்கம் போய் இறங்குவீர்கள் :)