“என்ட லெப்டொப்ல ஓடுது சேர்!”

உயர்தர ஐ.சி.டி. பிள்ளைகளுக்கோ, கெம்பஸில் கடைசி வருட புரஜெக்ட் செய்யும் தம்பி தங்கைகளுக்கோ வழிகாட்டுகின்ற எல்லோரும் இந்த வசனத்தைக் கேட்டிருப்போம். பிள்ளையின் லெப்டொப்பில் ஓடும். அதே வேலையை ஆய்வுகூடக் கணினியில் போட்டால் பத்து வரிக்குச் சிவப்பு எழுத்தில் பிழை வரும். கடைசியில் பழி முழுக்க நெட்டின் மேல் விழும்.

நெட் மட்டும் காரணமில்லை என்பதுதான் எமது கருத்து. பிள்ளை எழுதியது 200 வரி என்றால், அதற்கு அடியில் யார் யாரோ இலவசமாக எழுதிக் கொடுத்த பல்லாயிரம் வரிகள் இருக்கின்றன. பைதனுக்கு பிப், ஜாவாவுக்கு மேவன், ஜாவாஸ்கிரிப்டுக்கு என்.பி.எம். என்று ஒவ்வொரு கருவி அந்த லைப்ரரிகளை இறக்கித் தருகின்றது. ஒரு லைப்ரரி வந்தால் அது தன் பங்குக்கு இன்னும் நாலைக் கூட்டி வரும். எந்த வேர்ஷன் வேண்டும் என்று நாம் எழுதி வைக்காவிட்டால் கருவி பெரும்பாலும் அன்றைக்குப் புதியதையே எடுக்கும். பிள்ளை ஜனவரியில் இறக்கியது ஒன்று, ஓகஸ்டில் ஆய்வுகூடத்துக்கு வருவது வேறொன்று. பழைய பைதன் 2 இல் அடைப்புக்குறி இல்லாமல் எழுதிய பிரின்ட் வரி பைதன் 3 இல் ஓடாது. வகுப்பில் காட்ட இதைவிட லேசான உதாரணம் கிடையாது.

இது கற்றுக்குட்டிகளின் பிரச்சினை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2016 மார்ச்சில் ஒரு பெயர்த் தகராறில் மனம் வெறுத்த ஒரு புரோகிராமர், என்.பி.எம். களஞ்சியத்தில் தான் போட்டிருந்த 250க்கும் மேற்பட்ட பொதிகளை ஒரேயடியாக நீக்கினார். அதில் ஒன்று லெப்ட்-பேட். வெறும் 11 வரி. ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் இடைவெளி நிரப்புவதுதான் அதன் வேலை. அது இல்லாமல் உலகம் முழுக்க பில்ட்கள் நின்றன. பெரிய கம்பனிகளும் தப்பவில்லை. அன்றே அதைத் திரும்பப் போட்டார்கள், பிறகு நீக்குவதற்கான விதியையும் இறுக்கினார்கள். ஆனாலும் தன்னிடம் ஒரு பிரதி வைத்திருந்தவனுக்கு அன்று எந்தக் கவலையும் இருந்திருக்காது.

எமது ஆய்வுகூடங்களுக்கு இது இன்னும் பொருந்தும். 20 கணினிகள், ஒரு டொங்கிள். ஒரே லைப்ரரியை இருபது தடவை இறக்கினால் மாத டேட்டா அந்த ஒரு பாடவேளையிலேயே முடிந்துவிடும். பிப் ப்ரீஸ் என்று கொடுத்தால் வேர்ஷன் எண்களோடு பட்டியல் வரும். அதை ஒரு பைலில் போட்டு, பிப் டவுன்லோட் மூலம் ஒரு கணினியில் மட்டும் இறக்கி, பென் டிரைவில் மற்றவற்றுக்குக் கொண்டு போகலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 64 பிட் விண்டோஸுக்கு இறக்கியது பழைய 32 பிட் கணினிக்குப் பொருந்தாமல் போகலாம். பைதன் வேர்ஷனும் ஒன்றாக இருக்க வேண்டும்.

“அப்படிப் பூட்டி வைத்தால் பழசிலேயே கிடப்போமே” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2021 டிசம்பரில் லொக்போர்ஜே ஓட்டை வெளியானபோது, அதைத் தாம் பாவிக்கவே இல்லை என்று நினைத்த பலர், வேறொரு லைப்ரரிக்குள் அது ஒளிந்திருப்பதைக் கண்டார்கள். புதிய வேர்ஷனுக்கு மாறியே ஆக வேண்டியிருந்தது. மறுபக்கம், 2024 மார்ச்சில் லினக்ஸின் எக்ஸ்.இசட். கருவியில் 5.6.0, 5.6.1 ஆகிய இரண்டு புத்தம் புதிய வேர்ஷன்களில்தான் கள்ள வாசல் வைத்திருந்தார்கள். லொகின் அரை செக்கன் தாமதிக்கிறதே என்று சந்தேகப்பட்ட ஆன்ட்ரெஸ் ப்ராய்ன்ட் என்ற பொறியியலாளர்தான் பிடித்தார். டெபியனின் நிலையான வெளியீட்டில் இருந்தவர்கள் தப்பினார்கள். ஆகவே பூட்டுவோம், தவணைக்கு ஒரு தடவை நாமாகத் திறந்து, பரிசோதித்துப் புதுப்பிப்போம். பாதுகாப்பு ஓட்டை என்று செய்தி வந்தால் அன்றைக்கே திறப்போம். எந்த லைப்ரரி உள்ளே இருக்கிறது என்ற பட்டியல் கையில் இருந்தால்தான் அதுவும் முடியும்.

அடுத்த தவணை புரஜெக்ட்களுக்குப் புள்ளி போடும்போது 10 புள்ளியை இதற்கு ஒதுக்குமாறு சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். பிள்ளை தன் லெப்டொப்பை மூடி வைத்துவிட்டு, வேறொரு கணினியில், டொங்கிளைக் கழற்றிய பிறகு ஓட்டிக் காட்டட்டும். கொழும்பில் சொப்ட்வெயார் கம்பனிகளில் இருக்கும் எமதூர்த் தம்பிமார் லீவில் வரும்போது, உயர்தர வகுப்புக்குத் தேவையான லைப்ரரிகளை ஒரு பென் டிரைவில், வேர்ஷன் பட்டியலோடு, கொண்டு வந்து தந்தால் பேருதவியாக இருக்கும். 32 பிட்டுக்கும் சேர்த்து.