ரத்த குரூப் பார்த்து ரோட்டா வைரஸ் வராது

1/ "குழந்தை ஓ பாசிட்டிவ், அந்த குரூப்புக்கு வயித்துப்போக்கு வராதாமே டாக்டர், ரோட்டா சொட்டு மருந்து அவசியமா?" திண்டுக்கல்ல குழந்தைகளைப் பார்க்கிற எனக்கு வர்ற கேள்வி இது. அவசியம். எந்த குரூப்பா இருந்தாலும் அவசியம். காரணத்தைச் சொல்றேன், பொறுமையா படிங்க.

2/ இதுல பாதி உண்மை இருக்கு, அதான் சிக்கலே. ஏ, பி, ஓ என்பதெல்லாம் சிவப்பணு மேல் உள்ள சர்க்கரைச் சங்கிலிகளின் வித்தியாசம். அதே குடும்பச் சர்க்கரைகள் குடல் செல்கள் மேலயும் எச்சில்லயும் தாய்ப்பால்லயும் உண்டு. ரோட்டா வைரஸ் தன் முள்நுனியால இதைப் பிடிச்சுத்தான் குடல்ல ஒட்டுது.

3/ ஆனா உங்க குடல்ல அந்தச் சர்க்கரை உருவாகுமான்னு பெருமளவு முடிவு பண்றது எஃப்யூடி2 என்ற மரபணு. உலகத்துல சுமார் ஐந்தில் ஒருத்தருக்கு அது வேலை செய்யறதில்ல. லேப்ல எடுக்கிற ரத்த குரூப் டெஸ்ட் இதைக் காட்டாது. மேலும், வைரஸ் ஒரே ரகம் இல்ல. ஒண்ணு ஏ வகைச் சர்க்கரையைத் தேடும், இன்னொண்ணு வேற ஒண்ணைத் தேடும். ஒரு ரகத்துக்குத் தப்பினவன் அடுத்ததுக்கு மாட்டுவான்.

4/ பச்சிளம் குழந்தை கதையே தனி. வேலூர் சிஎம்சியில் பிறந்த குழந்தைகளிடம் ஜி10பி[11] என்ற ரகம் தொடர்ந்து காணப்பட்டது. அதன் முள், ஏ, பி, ஓ அடையாளம் சேர்வதற்கு முந்தைய வெறும் அடித்தளச் சர்க்கரையில் ஒட்டுது என்று 2013-ல் ஆய்வு வந்தது. குரூப் எழுத்தே சேராத இடத்துல ஒட்டுற வைரஸுக்கு உங்க ஓ பாசிட்டிவ் எதுக்கு?

5/ அடுத்து "தாய்ப்பால் சேரல"ன்னு சொல்ற பெரியவங்களுக்கு. 2018-ல் அதே வேலூர் ரகத்தை வைத்து வந்த ஆய்வில், தாய்ப்பாலின் சில சர்க்கரைகள் இந்த ஒரு ரகத்தின் தொற்றோடு தொடர்புபட்டிருந்தன. இதைப் பிடிச்சுக்கிட்டு பாலை நிறுத்தாதீங்க. வயித்துப்போக்குல தாய்ப்பாலை நிறுத்தினா குழந்தை இன்னும் சீக்கிரம் வறண்டு போகும். மருமகளைக் குறை சொல்ல இந்த ஆய்வை யாரும் எடுத்துட்டு வராதீங்க.

6/ "ஒருதடவை வந்துட்டுப் போனா எதிர்ப்பு சக்தி வந்துரும்." வேலூர்ல 373 குழந்தைகளை மூணு வயசு வரை பின்தொடர்ந்தாங்க. 2011-ல் முடிவு வெளியானது. மூணு தடவை தொற்று வந்த பிறகும் மிதமான, தீவிரமான நோய்க்கு எதிரான பாதுகாப்பு 79 சதவீதம்தான். மூணு தடவை உங்க குழந்தையை வச்சுச் சூதாடுவீங்களா?

7/ "தடுப்பு மருந்தும் பாதிதானே வேலை செய்யுது?" டெல்லி, புனே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் ரோட்டாவேக் சோதிக்கப்பட்டது. தீவிர ரோட்டா வயிற்றுப்போக்கு சுமார் 54 சதவீதம் குறைஞ்சுது. ட்ரிப் போடுற அளவுக்குப் போகக்கூடிய நூறு குழந்தைல ஐம்பதுக்கு மேல தப்பிக்குதுன்னா அது சின்ன விஷயமா? இன்னொண்ணு: அந்த மருந்தின் வைரஸ் 1980-களில் டெல்லி எய்ம்ஸில் பிறந்த குழந்தைகளிடம் கிடைச்சது. அதுவும் பி[11] முள் உள்ளதுதான்.

8/ வேடசந்தூர் மில் வேலைக்குப் போற அம்மாவுக்கும், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல மூட்டை தூக்குற அப்பாவுக்கும் நாலு நாள் ஆஸ்பத்திரின்னா நாலு நாள் கூலி போச்சு. சொட்டு மருந்து அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். 6, 10, 14 வாரத்துல.

9/ பேதி ஆரம்பிச்சா தொக்கம் எடுக்க ஓடாதீங்க. ஓஆர்எஸ் கொடுங்க, பால் தொடரட்டும், துத்தநாக மருந்து எவ்வளவுன்னு டாக்டர் சொல்வார். உச்சிக்குழி பள்ளம், கண் குழிவு, சிறுநீர் குறைவு, பால் குடிக்காம துவள்றது, மலத்துல ரத்தம் இருந்தா உடனே ஆஸ்பத்திரி. ரெண்டு மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தைன்னா எதுக்கும் காத்திருக்காதீங்க.

10/ இப்பவே தாய் சேய் நல அட்டையை எடுத்துப் பாருங்க. ரோட்டாவுக்கு மூணு தேதி எழுதியிருக்கணும். ஒண்ணு காலியா இருந்தாலும் நாளைக்கே நர்ஸம்மாகிட்ட போய்க் கேளுங்க. ரத்த குரூப்பை அவங்க கேட்க மாட்டாங்க.