மௌனம் சம்மதமாகுமா?

"கணினியில் தமிழ் இல்லை!"

சப்ரகமுவ மாகாணத்தில், ஓர் அரச அலுவலகத்தின் முகப்பில் நாம் காதாரக் கேட்ட விடை இது. மகனின் பிறப்புச் சான்றிதழைத் தமிழிலே பெற வேண்டி, ஒரு நாட் கூலியை இழந்து, இறப்பர்த் தோட்டத்திலிருந்து வந்து நின்ற தாய்க்கு உரைக்கப்பட்ட தீர்ப்பும் இதுவே. தீர்ப்பளித்தவர் நீதிபதியல்லர்; எழுதுவினைஞருமல்லர்; ஓர் இயந்திரம்!

இயந்திரம் தானாகத் தமிழை மறுக்குமா? மறுக்காது. பெரிய நிருவாகங்களில் ஒவ்வொரு கணினியின் முன்னும் அமர்ந்து மென்பொருளை நிறுவுவதில்லை. எந்த மொழி, எந்த எழுத்துரு, எந்த விசைப்பலகை என்பதையெல்லாம் முன்னரே ஒரு கோப்பில் வகுத்து, ஓரிடத்திலிருந்து அனைத்துக் கணினிகளுக்கும் அனுப்புவதுண்டு. திரையில் ஒரு கேள்வியும் எழாது. 'மௌன நிறுவல்' என்பது அதன் பெயர். மேசையில் இருப்பவரையும் கேட்பதில்லை. முகப்பில் நிற்பவரையும் கேட்பதில்லை.

இம்முறையை நாம் பழிக்கவில்லை. ஆயிரம் இயந்திரங்களை வேறெவ்வாறு ஆள்வது? நாம் கேட்பது ஒன்றே: அக்கோப்பை வகுப்பவர் இந்நாட்டின் அரசியலமைப்பைப் படித்தாரா?

1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இல் பதினாறாம் திருத்தம், சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பகுதியிலும் அரச அலுவலரோடு தமிழிலே கருமமாற்றவும், ஆவணத்தையோ அதன் மொழிபெயர்ப்பையோ தமிழிலே பெறவும் உரிமை தந்தது. இரத்தினபுரியும் கேகாலையும் அந்த உரிமைக்குப் புறம்பானவையா?

1956இல் தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டு வந்தோர், அதைப் பாராளுமன்றத்தில் வெளிப்படையாகவே கொண்டு வந்தார்கள். ஆகவே எதிர்த்து வாக்களிக்க முடிந்தது. காலிமுகத் திடலிலே சத்தியாக்கிரகம் இருக்க முடிந்தது. இந்தக் கோப்போ வர்த்தமானியில் வெளிவருவதில்லை. விவாதம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை. சட்டம் தந்ததை ஒரு கோப்பு ஓசையின்றிப் பறிக்குமாயின், அது சட்டத்தினும் கொடிதன்றோ?

கேளாமலே வகுக்கப்படுவது தோட்ட மக்களுக்குப் புதிதன்று. 1964 அக்டோபர் 30இல் இரு பிரதமர்கள் ஒப்பமிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். மேலும் 1,50,000 பேரின் கதியைப் பின்னர் பார்ப்போம் என்றார்கள். கொழுந்து கொய்தவளை யார் கேட்டார்?

"சில கணினிகளில் விண்டோஸ், சிலவற்றில் லினக்ஸ், பணிசெயல் முறைமைகள் வெவ்வேறானவை" என்று சாக்குச் சொல்வார்கள். யூனிக்கோட் நியமத்தில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றது. விண்டோஸ் 2000 பதிப்பே தமிழ் எழுத்துருவுடன் வந்தது. லினக்ஸும் தமிழை ஏற்கிறது. முறைமைக்கு முறைமை கட்டளை வேறுபடலாம், உரிமை வேறுபடுமா? தமிழ் கணினியில் இல்லாமலில்லை, திறந்துவிடுவார் இல்லை!

ஆகவே நாம் கோருகிறோம்: அரச கணினிகளுக்குச் செல்லும் மொழி அமைப்பு முன்கூட்டியே பகிரங்கப்படுத்தப்படல் வேண்டும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும், மருத்துவமனையிலும், பொலிஸ் நிலையத்திலும் தமிழ் தொடக்கத்திலேயே நிறுவப்படல் வேண்டும். தமிழில் தட்டெழுத வல்ல அலுவலரும் அங்கே அமர்த்தப்படல் வேண்டும்.

தோட்டத்து உடன்பிறப்புக்களே! "தமிழ் இல்லை" என்று கேட்டால் வாளாது திரும்பாதீர்கள். அம்மறுப்பை எழுத்தில் தரும்படி கேளுங்கள். தர மறுத்தால் நாளையும் நேரத்தையும் நீங்களே குறித்துக்கொண்டு, 1991இன் 18ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுங்கள். இயந்திரம் மௌனமாக இருக்கட்டும்; நாம் இருக்க வேண்டாம்!