உழவர் காலில் நகச்சொத்தை: களிம்பை நம்பிக் காலம் கடத்தலாமா?

நெற்பயிரில் நாலு இலை நுனி காய்ந்தால், மறுநாள் காலையிலேயே அந்த இலையைப் பறித்துக்கொண்டு வேளாண் விரிவாக்க மையத்துக்கு வந்துவிடுகிறார் விவசாயி. அவருடைய கால் கட்டைவிரல் நகமோ மஞ்சளித்து, தடித்து, உளுத்த மரம்போல் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருக்கும். அதைப் பற்றி அவர் யாரிடமும் கேட்பதில்லை. "சேற்றிலே நிற்கிற கால் வேறு எப்படி இருக்கும்?" என்பார். நடவு, களையெடுப்புக்குப் போகும் பெண்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

இது தவறான எண்ணம். நகச்சொத்தை என்பது வேலையின் அடையாளமன்று, ஒரு நோய். பெரும்பாலும் பூஞ்சாணத்தால் வருவது. அதற்குப் பலன் தரும் மருந்து உண்டு. ஆனால் உழவர்கள் காசு செலவழிப்பது அந்த மருந்துக்கு அல்ல; நகத்துக்குள் இறங்காத களிம்புகளுக்கு.

நோய் வரும் வழியை முதலில் பார்க்கலாம். இந்நோய்க்குப் பெரிதும் காரணமான பூஞ்சாணத்தின் பெயர் டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம். இது சேற்றில் பிறப்பதல்ல. மனிதனிடமிருந்து மனிதனுக்கு வருவது. ஒருவர் செருப்பை இன்னொருவர் போடுவது, ஒரே துண்டில் காலைத் துடைப்பது, ஒரே நகவெட்டியை வீடு முழுவதும் பயன்படுத்துவது ஆகியவற்றால் பரவும். சேறு செய்யும் வேலை வேறு. நாள் முழுதும் ஈரத்தில் ஊறிய விரலிடுக்கில் தோல் வெளுத்து வெடிக்கிறது. அதுவே நாம் சேற்றுப்புண் என்பது. அந்த வெடிப்பில் பூஞ்சாணம் குடியேறி, தோலிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று, மெதுவாக நக நுனிக்கு அடியில் நுழைகிறது. விரலிடுக்குப் புண்ணைக் கவனிக்காமல் விட்டவருக்கே நகச்சொத்தை பெரும்பாலும் வருகிறது. வாழை, பருத்தி வாடல் நோய்களால் உழவர்கள் நன்கறிந்த ஃபுசேரியம் இனத்தைச் சேர்ந்த பூஞ்சாணங்களும் சில சமயம் மனித நகத்தைப் பிடிப்பதுண்டு.

எல்லா நகச்சொத்தைக்கும் மருந்து சாப்பிட்டே ஆக வேண்டும் என்பதில்லை. எழுபது வயதைத் தாண்டி, வலியில்லாமல், வேறு நோயும் இல்லாமல் இருக்கும் பெரியவர் நகத்தை ஒழுங்காக வெட்டிக்கொண்டு சும்மா இருந்தாலும் பாதகமில்லை. சர்க்கரை நோய் உள்ளவர் அப்படி இருக்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்து 2023-ஆம் ஆண்டு வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு, வயது வந்தோரில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் காட்டியது. இவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். தடித்த நகம் பக்கத்துச் சதையைக் குத்துவது தெரியாது. விரலிடுக்கு வெடிப்பு வழியாகச் சீழ்க்கிருமி ஏறுவதும் தெரியாது. கால் வீங்கிக் காய்ச்சல் வந்த பிறகே ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். விரலை எடுக்க நேரும் நிலைமை சிலருக்கு இப்படித்தான் உண்டாகிறது. அத்தகையவர் வீட்டில் நகச்சொத்தையைச் சில்லறை விஷயமாக நினைப்பது பெரிய ஆபத்து.

பரிசோதனை முதலில்

மண் பரிசோதனை செய்யாமல் உரம் இட வேண்டாம் என்று ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். நகத்துக்கும் அதே விதிதான். கெட்டுப்போன நகங்களில் ஏறக்குறையப் பாதிதான் பூஞ்சாணத்தால் வருவது. மீதியில் சொரியாசிஸ் என்னும் தோல் நோய் இருக்கும். மண்வெட்டி விழுந்த பழைய அடி இருக்கும். இறுக்கமான செருப்பின் உராய்வு இருக்கும். நகத்தில் புதிதாக ஒரு கரும்பட்டை தோன்றி அகன்றுகொண்டே போனால் அது மிக அரிதாகப் புற்றுநோயாகவும் இருக்கலாம். உடனே காட்ட வேண்டும். இவற்றுக்கெல்லாம் பூஞ்சாண மாத்திரை கொடுத்தால் பணமும் வீண், நாளும் வீண்.

பரிசோதனை எளியது. கெட்ட பகுதியிலிருந்து நகத்தைச் சுரண்டியும் வெட்டியும் எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சாண இழைகள் தெரியும். எந்த வகை என்று அறிய வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால் முடிவு வர நாலு வாரம்கூட ஆகலாம். அதுவரை பொறுத்திருக்கலாம், நகம் ஓடிப் போய்விடாது. சோதனைக்குப் போகும் முன் சில வாரங்களாவது களிம்பு எதையும் தடவாமல் இருப்பது நல்லது. தடவியிருந்தால் பூஞ்சாணம் இருந்தும் சோதனையில் தெரியாமல் போகக்கூடும்.

களிம்பு ஏன் பலிப்பதில்லை?

தெளித்த இடத்தில் மட்டும் வேலை செய்யும் மருந்துக்கும், ஊடுருவிப் பாயும் மருந்துக்கும் உள்ள வித்தியாசம் உழவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தண்டுக்குள் இருக்கும் நோய்க்கு இலை மேல் தூவிய தூள் என்ன செய்யும்? நகத்தில் நோய் இருப்பது தட்டுக்கு அடியிலும் அதன் உட்புறத்திலும். மேலே தடவும் சாதாரணக் களிம்பு அந்தத் தட்டைத் தாண்டி இறங்குவதில்லை. சேற்றுப்புண்ணுக்குக் குணம் தரும் அதே களிம்பு நகச்சொத்தையில் தோற்பதற்குக் காரணம் இதுதான்.

நகத்துக்கென்றே நகப்பூச்சு வடிவில் மருந்துகள் வந்துள்ளன. அமோரால்ஃபின் 5 சதவீதம் வாரம் ஒரு முறையோ இரு முறையோ பூசுவது. சைக்ளோபிராக்ஸ் 8 சதவீதம் தினமும் பூசுவது. நோய் நக நுனியில் மட்டும் இருந்து, ஒன்றிரண்டு நகங்களோடு நின்றிருந்தால் இவற்றைப் பயன்படுத்தலாம். அதற்கும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை விடாமல் பூச வேண்டும். நகத்தின் அடி வரை நோய் ஏறிவிட்டால் பூச்சு மட்டும் போதாது.

அப்போது வேண்டியது உள்ளே சாப்பிடும் மருந்து. இன்று முதலில் தரப்படுவது டெர்பினாஃபின். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு தினம் 250 மில்லிகிராம். கால் நகத்துக்கு 12 வாரம், கை நகத்துக்கு 6 வாரம். கல்லீரல் கெட்டவருக்கு இது ஆகாது. தொடங்கும் முன் இரத்தம் எடுத்துக் கல்லீரல் நிலையைப் பார்ப்பது முறை. சிலருக்கு நாக்கில் ருசி தெரியாமல் போவதும் உண்டு. அப்படியானால் டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். இன்னொரு மருந்து இட்ராகோனசோல். இதைத் தொடர்ந்து 12 வாரமும் கொடுப்பார்கள். மாதத்தில் ஒரு வாரம் மட்டும் என்று மூன்று மாதமும் கொடுப்பார்கள். இதயம் பலவீனமானவருக்கு இது கூடாது. கொழுப்புக்கான சில மாத்திரைகளோடும் ஒத்துப்போகாது. ஆகவே ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகள் அனைத்தையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இந்த மாத்திரைகளைத் தள்ளிப்போடுவதே சரி.

இந்த வரிசையில் மூத்தது கிரிசியோஃபல்வின். நகத்துக்கு இன்று அதிகம் தரப்படுவதில்லை என்றாலும் அதன் வரலாறு உழவர்கள் கேட்கத் தக்கது. 1939-இல் ஒரு பெனிசீலியம் பூஞ்சாணத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இந்தப் பொருளை, பயிர் நோய்க்கு மருந்தாகத்தான் இங்கிலாந்தில் முதலில் ஆராய்ந்தார்கள். வேர் வழியே ஏறித் தக்காளியின் இலைக்கருகலைத் தடுப்பதாக 1951-இல் எழுதினார்கள். 1958-இல் ஜென்டில்ஸ் என்ற ஆய்வாளர் இதைக் கினிப்பன்றிகளுக்கு வாய்வழி கொடுத்து, படர்தாமரை குணமாவதைக் காட்டினார். மனித வைத்தியத்துக்கு அது வந்தது அதன் பிறகுதான்.

பாதியில் நிறுத்துவதால் வரும் கேடு

மாத்திரை சாப்பிடுபவர்கள் பலர் ஆறாவது வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். "நகம் அப்படியேதானே இருக்கிறது" என்பது அவர்கள் வாதம். அப்படித்தான் இருக்கும். கால் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். கட்டைவிரல் நகம் முழுவதும் புதிதாக மாற 12 முதல் 18 மாதம் பிடிக்கும். நோய் தின்ற நகத்தை எந்த மருந்தும் திரும்ப நல்லதாக்காது; அது வளர்ந்து வெளியேற வேண்டும். கருகிய இலை பச்சையாகுமா? புதுத் தளிர் சுத்தமாக வருகிறதா என்றுதானே பார்க்கிறோம்! அதுபோல நகத்தின் அடியில் தெளிந்த புது நகம் ஏறி வருகிறதா என்பதையே கவனிக்க வேண்டும்.

ஒளிவுமறைவின்றிச் சொன்னால், முழுக் காலம் சாப்பிட்டாலும் எல்லாருக்கும் குணமாவதில்லை. டெர்பினாஃபின் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் அளவில் பூஞ்சாணம் ஒழிகிறது. நகம் பழைய அழகைப் பெறுவது அதைவிடக் குறைவானவர்களுக்கே. குணமானவர்களிலும் ஐந்தில் ஒருவருக்காவது திரும்ப வருகிறது. இது தெரிந்தே சிகிச்சைக்குப் போக வேண்டும்.

இதைவிடக் கவலை தருவது மருந்துக்கடைப் பழக்கம். அரிப்பு என்று சொன்னவுடன் எடுத்துக் கொடுக்கப்படும் கலவைக் களிம்புகளில் பூஞ்சாண மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கிறது. அரிப்பு இரண்டு நாளில் அடங்கும். பூஞ்சாணம் உள்ளே செழிக்கும். ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என மத்திய அரசு 2018-இல் விதியை இறுக்கியது. விதி இருக்கிறது, கடையில் விற்பனை நடந்துகொண்டுதான் இருக்கிறது. இத்தகைய அரைகுறை வைத்தியத்துக்கு நடுவில், டெர்பினாஃபினுக்கு மசியாத படர்தாமரைப் பூஞ்சாணம் ஒன்று நம் நாட்டில் பெருகிவிட்டது. 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஓர் இந்தியரிடமும் ஒரு நேபாளியிடமும் எடுத்த பூஞ்சாணத்துக்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினே என்று பெயரிட்டார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது. பெருமைப்பட ஒன்றுமில்லை. ஒரே பூஞ்சாணக் கொல்லியைக் குறைந்த அளவில் திரும்பத் திரும்ப அடித்து அதைச் செயலற்றதாக்கிய அனுபவம் வயலில் நமக்கு ஏற்கெனவே உண்டு.

வயலுக்கு வாங்கிய மருந்தைக் காலில் தடவிப் பார்ப்பது அடியோடு கூடாது. இட்ராகோனசோலும், நெல்லுக்கு அடிக்கும் புரோபிகோனசோல், டெபுகோனசோல் போன்றவையும் ஒரே குடும்பம் என்பது உண்மையே. ஆனால் வயல் மருந்தில் மனித உடம்புக்கு ஆகாத கரைப்பான்களும் வேறு சேர்மானங்களும் உள்ளன. வெடித்த தோல் வழியே அவை உள்ளே இறங்கும். மருதாணியும் மஞ்சளும் அரைத்துச் சேற்றுப்புண்ணுக்குப் பூசுவது பழைய வழக்கம். அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. நகத்தைப் பொறுத்தவரை மருதாணி அதன் நிறத்தை மறைத்து, நோய் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியாமல் செய்துவிடும். பெரிய நகரங்களில் லேசர் சிகிச்சை என்று விளம்பரம் வருகிறது. செலவுக்கேற்ற பலன் அதில் நிலைநாட்டப்படவில்லை. கடன் வாங்கிச் செய்யத் தக்கதல்ல.

மேலைநாடுகளில் பாதத்துக்கென்றே தனி மருத்துவர்கள் உண்டு. தடித்த நகத்தை வலியில்லாமல் அராவி மெலிதாக்குவதும், 40 சதவீத யூரியா களிம்பால் மென்மையாக்கி அகற்றுவதும், சர்க்கரை நோயாளியின் பாதத்தை ஆண்டுதோறும் சோதிப்பதும் அவர்கள் வேலை. யூரியா என்றதும் வீட்டு மூட்டையை யாரும் அவிழ்க்க வேண்டாம். இது மருந்தாகத் தயாரித்தது. நம் கிராமங்களில் அத்தகைய மருத்துவர் கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. மாத்திரை கொண்டுவருபவர் ஒரு நிமிடம் குனிந்து காலைப் பார்த்து, நகமும் விரலிடுக்கும் கெட்டிருந்தால் சீட்டு எழுதி அனுப்புவது பெரிய செலவில்லை. வேளாண் துறையும் ஒதுங்கி நிற்கக் கூடாது. பயிர் மருந்து தெளிக்கும்போது கையுறை போடச் சொல்லிப் பயிற்சி தருகிற துறை, நடவுப் பெண்களின் காலைப் பற்றி அதே பயிற்சியில் பத்து நிமிடம் பேசலாம். இயந்திர நடவு வந்த இடங்களிலும் களையெடுக்க இறங்குவது அவர்கள்தான்.

ரப்பர் பூட்ஸ் எல்லாருக்கும் உதவும் என்று சொல்வதற்கில்லை. உளையில் அது கழன்றுகொள்ளும்; உள்ளே வியர்த்தால் நோய்க்கே சாதகம். கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்குவரை துடைத்து உலர்த்துவதே முதல் காப்பு. சேற்றுப்புண் கண்டால் குளோட்ரிமசோல் போன்ற, ஸ்டீராய்டு கலக்காத களிம்பை அரிப்பு நின்ற பிறகும் சேர்த்து இரண்டு முதல் நாலு வாரம் போட வேண்டும். நோயுள்ளவருக்குத் தனி நகவெட்டி, தனித் துண்டு. பழைய செருப்பைச் சிகிச்சையின்போது மாற்றிவிடுவது நல்லது. அதில் பூஞ்சாணம் தங்கியிருக்கும்.

காவிரிப் பாசனப் பகுதியினர் சிகிச்சையைத் தொடங்கச் சம்பா அறுவடைக்குப் பிந்திய காலம் தோதானது. தையில் அறுப்பு முடிந்து கால் உலர்ந்திருக்கும். மாசியில் நகத்தைச் சோதித்துக்கொண்டு பங்குனி பிறப்பதற்குள் மாத்திரையைத் தொடங்கினால், மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12-க்கு முன்பே 12 வாரமும் முடிந்துவிடும்; குறுவை நாற்றங்காலில் இறங்கும்போது புது நகம் அடியில் நாலைந்து மில்லிமீட்டர் ஏறியிருக்கும்.